கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

செயின்ட் பால், மினசோட்டா, 2020

மார்ச் 28, சனி

நேற்று நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. மருந்துக்கடைக்கு விலக்கு உண்டு என்பதால் எனக்கு வழக்கமான ஷிப்ட்தான். ஆளுநர் டிம் வால்ஸ் இன்று சுமார் 33 கோடி டாலர் கொரோனா நிவாரணத்துக்குக் கையெழுத்திட்டார். குழந்தைக் காப்பகம், உணவு வங்கி, வீடற்றோர் தங்குமிடம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அவசரத்துக்கு மலிவாக இன்சுலின் கிடைக்கச் செய்யும் மசோதா மட்டும் அதில் ஏறவில்லை.

சாயங்காலம் ஒரு பையன் வந்தான். உணவகத்தில் வேலை, உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்ததும் வேலை போயிற்று, கூடவே இன்சூரன்ஸும். இன்சுலின் குப்பியின் விலையைக் கேட்டான். உதாரணத்துக்கு, ஹுமலாக் என்றால் பட்டியல் விலை சுமார் 275 டாலர். 1996-ல் சந்தைக்கு வந்தபோது 21 டாலராக இருந்த மருந்து. “இருக்கிறதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன்” என்று போய்விட்டான். இந்தக் கவுன்ட்டரில் நான் மிகவும் பயப்படுகிற பேச்சு அது.

ஏப்ரல் 7, செவ்வாய்

எலை லில்லி அறிவித்திருக்கிறது: கொரோனா காலத்தை முன்னிட்டு அவர்களுடைய பெரும்பாலான இன்சுலின்களுக்கு மாதம் 35 டாலர், இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கும் உண்டு. நல்லதுதான், கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். ஆனால் அன்று வந்த பையன் போடுவது வேறு கம்பெனி இன்சுலின். தவிர, தானாகக் கொடுத்ததைத் தானாகவே நிறுத்தவும் முடியும். சட்டமாக இருந்தால் நிறுத்துவதற்கும் சபையில் கையைத் தூக்கியாக வேண்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஈஸ்டரன்று பனி கொட்டுகிறது. இந்த ஊர் இப்படித்தான்.

அம்மா திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டாள். அவளும் ஊசி போடுகிறவள்தான். விலையைச் சொன்னதும், “என்னட்டீ, மருந்துக்கா? தங்கத்துக்கா?” என்றாள். பக்கத்துக் கனடாவிலேயே பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது என்பதை அவளிடம் சொல்லவில்லை. போன வருஷம் இங்கிருந்து வேன் பிடித்து ஒன்டாரியோ போய் வாங்கி வந்தார்கள். அப்படிப் போனவர்களில் நிகோல் ஸ்மித்-ஹோல்டும் ஒருவர். அவர் மகன் அலெக் ஸ்மித்துக்கு 26 வயதானதும் அம்மாவின் இன்சூரன்ஸிலிருந்து பெயர் நீங்கியது. இன்சுலினும் ஊசியும் மற்றதும் சேர்த்து மாதம் 1,300 டாலர் வரை வந்தது. அளவைக் குறைத்துப் போட்டுப் பார்த்தான். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 2017 ஜூனில் போய்விட்டான். மசோதாவுக்கு அவன் பெயர்தான்.

இப்போது எல்லை மூடிக் கிடக்கிறது. அந்த வேனும் ஓடாது. வேலை போனவர்கள் எல்லாருக்கும் எந்த வயதிலும் அந்த 26 வந்துவிட்டது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சார்வரி வருஷப் பிறப்பு. வேப்பம்பூ ஊரிலிருந்து வந்தது மிச்சம் இருந்தது, பச்சடிக்குப் போதும். மசோதா நிறைவேறியதை ராத்திரி பார்த்தேன்: செனட்டில் 67-0, கீழவையில் 111-22.

நாட்டிலேயே இரண்டு அவைகளும் இரண்டு கட்சிகளிடம் இருக்கும் ஒரே மாநிலம் இதுதான். போன மே மாதம் இதே விஷயம் கடைசி நேரத்தில் கைநழுவியது. கம்பெனிகளிடம் கட்டணம் வசூலித்து மருந்து தரலாம் என்றது ஜனநாயகக் கட்சி; கம்பெனிகளே மருந்தைத் தரட்டும், டாக்டர்கள் மூலம் போகட்டும் என்றது குடியரசுக் கட்சி. நியாயம் இரண்டு பக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மருந்து தீர்ந்தவன் எந்த டாக்டரைத் தேடுவான்? கடைசியில் அவசரத் தேவைக்கு மருந்துக்கடை என்று முடிவானதில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஏப்ரல் 15, புதன்

ஆளுநர் கையெழுத்திட்டுவிட்டார். ஜூலை 1 முதல் அமல்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மருந்தாளுநர் சட்டத்தைப் படித்துக் காட்டினார். கையிருப்பு ஏழு நாளுக்குக் குறைந்தால், 35 டாலருக்கு மிகாமல் 30 நாள் இன்சுலின். 12 மாதத்தில் ஒரு தடவை. வருமானத்துக்கு உட்பட்டு ஒரு வருஷம் வரை, 90 நாளுக்கு 50 டாலருக்கு மிகாமல் தொடர்ந்தும் வாங்கலாம். வரம்பு வறுமைக் கோட்டின் நாலு மடங்கு. தனி ஆளுக்கு 51,040 டாலர். ஒத்துழைக்காத கம்பெனிக்கு மாதம் 2 லட்சம் டாலர் அபராதம், போகப் போக 6 லட்சம் வரை ஏறும்.

“கொடுத்த மருந்துக்குக் கம்பெனி பணம் தரணும், இல்லேன்னா மருந்தாத் திருப்பித் தரணும். அதுவரைக்கும் நம்ம பணம்தான் முடங்கிக் கிடக்கும்” என்றார். சின்னக் கடைக்கு அது சின்ன விஷயமில்லை. எனக்கு உறுத்துவது வேறு: குப்பியின் விலை ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. நெருக்கடியில் சிக்கியவனுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது.

ஜூலை 1, புதன்

நேற்றே மருந்துக் கம்பெனிகளின் சங்கம் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. ஈடு கொடுக்காமல் தனியார் சொத்தை அரசு எடுக்கிறது, அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்கு. அமலுக்குச் சில மணி நேரம் முன்னால்! இரண்டரை மாதம் சும்மா இருந்துவிட்டு!

காலையில் கடை திறக்கும் முன்பே மருந்தாளுநரிடம், இன்று இன்சுலின் விண்ணப்பப் படிவத்தை வாங்கலாமா என்று கேட்டேன். “தடை உத்தரவு வந்திருக்கா? இல்லையே. அப்புறம் என்ன, அம்பது காப்பி எடுத்து வை” என்றார். எடுத்து வைத்தேன். பதினொரு மணிக்கு முதல் ஆள் வந்தார். அந்தப் பையன் இல்லை, அறுபதைத் தொட்ட ஒரு அம்மாள். அடையாள அட்டை, மருந்துச்சீட்டு எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். தொடர்ந்து வாங்குவதற்கான விண்ணப்பத்தின் வருமானக் கட்டத்தில் என்ன எழுதுவது, வேலை நின்றதற்கு முன்னால் உள்ளதா, இப்போது உள்ளதா என்று கேட்டார். அது மட்டும் எனக்கும் தெளிவாகவில்லை. விவரம் கேட்க மருந்தாளுநர் ஃபோனை எடுத்தார்.