கரையில் கிடைத்த ஐந்து மணி நேரம்



சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் நான்கு இரவுகள் பயணம் செய்து வந்தேன் என்றதும் எங்கள் மஹல்லாவில் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சூதாட்டக்கூடமும் மதுக்கூடமும் உள்ள கப்பலில் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். சிங்கப்பூரில் பணிபுரியும் என் தம்பி, பிள்ளைகளின் விடுமுறையை ஒட்டி இரு குடும்பங்களுக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்திருந்தான். அந்தக் கூடங்கள் இருந்த தளத்தில் நாங்கள் கால் வைக்கவில்லை. விமான நிலையத்திலும் மதுக்கடை இருக்கிறது. அதற்காக ஹஜ்ஜுக்குச் செல்பவர் விமானம் ஏறாமல் இருப்பதில்லை. எனினும் பேணுதலைக் கருதி ஒருவர் இத்தகைய பயணத்தையே தவிர்ப்பாராயின் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தொழுகையைப் பற்றிப் பலரும் கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் அறையில் நின்று தொழப் போதிய இடம் இருக்கிறது. சுற்றிலும் இரும்பு என்பதால் கைப்பேசியின் திசைகாட்டி அடிக்கடி தடுமாறியது. அறைத் தொலைக்காட்சியில் கப்பல் செல்லும் வழி காட்டப்படுகிறது. அதை வைத்துக் கிப்லாவைக் கணித்துக்கொண்டோம். மலாக்கா நீரிணையில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும், ஏறக்குறைய நம் ஊரைப் போல. தொழுகையின் நடுவே கப்பல் திரும்புவது தெரிந்தால் நாமும் திரும்பிக்கொள்ள வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்களுக்கு ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழும் சலுகை, கரையிறங்கும் நாள்களில் பேருதவியாக இருந்தது. ஹனஃபி சகோதரர்கள் சுருக்கித் தொழுவார்கள், சேர்ப்பதில்லை. ஆகவே அவர்கள் கரையில் பள்ளிவாசல் எங்கே இருக்கிறது என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

முதல் துறைமுகம் பினாங்கு. கப்பல் அணையும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நடந்தே செல்லலாம். 1801ஆம் ஆண்டளவில், அங்கு குடியேறியிருந்த இந்திய முஸ்லிம்களின் தலைவரான காதிர் முகைதீன் நிறுவிய பள்ளி அது. சூலியா தெருவில் நம் நாகூரின் பெயரில் ஒரு தர்காவும் உண்டு. நம் முன்னோர் பாய்மரக் கப்பலில் சென்று இறங்கிய கரை. அதைப் பற்றித் தனியே ஒரு பதிவு எழுத எண்ணம், இன்ஷா அல்லாஹ். இங்கே நான் சொல்ல வந்தது மறுநாள் இறங்கிய லங்காவியைப் பற்றி.

லங்காவி, கெடா மாநிலத்தைச் சேர்ந்த தீவுக்கூட்டம். கப்பல் தென்மேற்கு முனையில் அணைகிறது. அலையாத்திக் காடும் சுண்ணாம்புக்கல் மலைகளும் கொண்ட கிலிம் பகுதியோ வடகிழக்கில் இருக்கிறது. 2007இல் யுனெஸ்கோ இத்தீவுகளைப் புவிப்பூங்காவாக ஏற்றது. எங்களுக்குக் கரையில் கிடைத்தது ஐந்து மணி நேரம். போக்குவரத்தைக் கழித்தால் மூன்று மணிக்கும் சற்று அதிகம். கப்பலில் விற்ற கூட்டச் சுற்றுலாவைத் தவிர்த்து, வாடகை வண்டியில் கிலிம் படகுத்துறைக்குப் போய் எட்டுப் பேருக்கும் ஒரு படகை அமர்த்திக்கொண்டோம். படகோட்டி அறுபதை நெருங்கிய மலாய்க்காரர். தம்பிக்கு மலாய் ஓரளவு தெரியும். அவரைப் பாக்சிக் என்று அழைத்தான். என் தொப்பியையும் தாடியையும் கண்ட அவர் எனக்கு ஸலாம் கூறி, அதுமுதல் என்னை உஸ்தாஸ் என்றே அழைத்தார்.

கிலிமுக்கு வருவோர் பெரும்பாலும் பருந்தைப் பார்க்கவே வருகிறார்கள். வெள்ளைத் தலையும் செங்கல் நிறச் சிறகும் கொண்ட செம்பருந்து. நம் கடற்கரை ஊர்களில் மீன் இறங்கும் இடங்களில் வட்டமிடுவதும் இதுவே. லங்காவி என்னும் பெயரே பருந்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்று அங்குள்ளோர் சொல்கிறார்கள்; குவா நகரின் கடலோரத்தில் அதற்கு மாபெரும் சிலை ஒன்றும் உண்டு. படகுகள் பருந்துகளைக் காட்டும் முறை இதுதான்: அகன்ற நீர்ப்பரப்பில் நிறுத்துவார்கள். கோழித் தோலையும் கொழுப்பையும் நீரில் வீசுவார்கள். எஞ்சினை முடுக்கி நீரைக் கலக்குவார்கள். சற்று நேரத்தில் வானம் நிறையப் பருந்துகள் இறங்கும். ஒன்றையொன்று மோதித் தள்ளி, நீரைக் கீறித் தோலை எடுத்துப் பறக்கும். கைப்பேசிகள் எல்லாம் உயரும். பத்து நிமிடத்தில் அடுத்த படகு வரும்.

எங்கள் படகிலும் ஒரு வாளியில் கோழித் தோல் இருந்தது. அது வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லச் சொன்னேன். பாக்சிக் வியப்புடன் என்னைப் பார்த்து ஒரே சொல்லில் பதில் சொன்னார். மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அது ஸதகா என்பதன் மலாய் வடிவம்.

என் மகனும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டான். பதின்மூன்று வயது, ஹிஃப்ழு வகுப்பில் இருக்கிறான். "வாப்பா, மரம் நட்டு அதிலிருந்து பறவை தின்றாலும் அது ஸதகா என்று நீங்கள்தானே எங்களுக்குப் பாடம் நடத்தினீர்கள்?" என்றான். ஆம். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த நபிமொழியைப் புகாரியிலிருந்தும் முஸ்லிமிலிருந்தும் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கிறேன். "நம் ஊரில் மீன் கழிவைப் பருந்துக்கு வீசுகிறார்களே, அதுவும் தவறா?" என்று அடுத்ததையும் கேட்டான். ஆசிரியரின் பிள்ளையை வளர்ப்பதில் இந்தச் சங்கடம் உண்டு. நம் பாடத்தைக் கொண்டே நம்மை மடக்கிவிடுவார்கள்.

படகிலேயே அவனுக்குப் பதில் சொல்ல முயன்றேன். மரம் நடுபவர் பறவையைத் தம்மிடம் வரவழைப்பதற்காக நடுவதில்லை. பறவை தன் வழியில் வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. ஊர் மீனவர் வீசுவது எப்படியும் வீசப்போகும் கழிவு. அதுவும் மீன், பருந்தின் இயல்பான இரை. இங்கே வாளியில் இருப்பதோ கடலில் ஒருபோதும் கிடைக்காத கோழிக் கொழுப்பு; வீசப்படுவது நம் கண்ணுக்கு ஒரு வேடிக்கை வேண்டும் என்பதற்காக. நாள் முழுவதும் படகுக்குப் படகு இதுவே நடந்தால் அந்தப் பறவைகள் இரை தேடுவதைக் குறைத்துக்கொண்டு படகுக்காகக் காத்திருக்கப் பழகிவிடும் என்று மலேசியாவின் இயற்கை ஆர்வலர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உமர் (ரலி) அவர்கள் அறிவித்து திர்மிதீயில் பதிவாகியுள்ள நபிமொழி ஒன்று, தவக்குலுக்குப் பறவைகளையே எடுத்துக்காட்டுகிறது. அவை காலையில் வெறும் வயிற்றோடு போகின்றன, மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகின்றன. அந்த நபிமொழியில் பறவைகள் கூட்டில் அமர்ந்திருக்கவில்லை, புறப்பட்டுப் போகின்றன என்று உலமாக்கள் சுட்டிக்காட்டுவார்கள். அந்தப் புறப்பாட்டைத்தான் இந்த வாளி அவற்றிடமிருந்து பறிக்கிறது என்றேன்.

மகன் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அருகே நின்ற படகைச் சுற்றி முப்பது, நாற்பது பருந்துகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவன் கண் அங்கேயே இருந்தது. பாக்சிக் மட்டும் தோளைக் குலுக்கிவிட்டு, வாளியை மூடி, ஓர் ஒடுங்கிய கால்வாய்க்குள் படகைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

அங்கே இருந்த இருபத்தைந்து நிமிடங்களுக்காகவே இதை எழுதுகிறேன். எஞ்சின் ஓய்ந்த முதல் ஐந்து நிமிடங்கள் ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் நெளிந்தார்கள். பிறகு சேறு அசையத் தொடங்கியது. நீரை விட்டு வெளியேறிச் சேற்றில் தாவும் மீன்கள். உடலின் அளவுக்கு ஒற்றைக் கொடுக்குப் பெருத்த நண்டுகள், அதை ஆட்டி ஒன்றையொன்று அழைத்தன. முத்துப்பேட்டைக் காட்டையும் பிச்சாவரத்தையும் கண்டவர்களுக்கு அந்த ஊன்றுவேர்கள் புதியவை அல்ல. ஆனால் கரையோரத்தில் சில மரங்கள் வேர் வெளித் தெரியச் சாய்ந்து கிடந்தன. விரைவுப் படகுகளின் அலை கரையை அரிப்பதால் வந்தது என்று பாக்சிக்கே காட்டினார். மேலே, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட சாம்பல் நிறக் குரங்குகள் இலை தின்றுகொண்டிருந்தன. ஒரு தாயின் மடியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குட்டி. அந்த இனத்தின் குட்டிகள் அந்த நிறத்தில்தான் பிறக்கின்றன. வளர வளரச் சாம்பலாகும். என் மனைவி "ஸுப்ஹானல்லாஹ்" என்றது மட்டுமே நெடுநேரம் கேட்ட ஒரே குரல்.

பின்பு ஒரே ஒரு செம்பருந்து வந்தது. நீருக்கு மேல் வட்டமிட்டுத் தாழ்ந்து, ஒன்றும் கிட்டாமல் எழுந்தது. மீண்டும் தாழ்ந்தது, மீண்டும் இல்லை. மூன்றாம் முறை சிறு மீன் ஒன்றை நகத்தில் பற்றி, பறந்தபடியே குனிந்து தின்றுகொண்டு மலைக்கு அப்பால் மறைந்தது. மகன் தானாகவே சூரத்துல் முல்க்கில் பறவைகள் சிறகை விரிப்பதும் மடக்குவதும் கூறப்படும் வசனத்தை மெல்ல ஓதினான். நான் ஓதச் சொல்லவில்லை.

அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு பயணத்தில் நபித்தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, குஞ்சுகளைத் திரும்பச் சேர்க்கும்படி கட்டளையிட்டார்கள். இதை இரக்கத்தைப் பற்றிய பாடமாகவே இதுவரை நடத்தினேன். அது பயணத்தில் நடந்தது என்பது அன்று அந்தப் படகில்தான் எனக்கு உறைத்தது. ஓர் இடத்தில் சில மணி நேரமே தங்கிக் கடந்து போகிறவர், தாம் போன பின் அங்கே என்ன மிஞ்சுகிறது என்று பெரும்பாலும் அறிவதில்லை.

திரும்பும்போது மகன் ஒரு கேள்வி கேட்டான்: "இப்போது எல்லாரும் நிறுத்திவிட்டால் அந்தப் பருந்துகள் பட்டினி கிடக்காதா?" தம்பி அதைப் பாக்சிக்கிடம் கேட்டான். கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் ஒரு படகும் ஓடவில்லை, பருந்துகள் இங்கேதான் இருந்தன, தாம்தான் மிகவும் சிரமப்பட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அவருடைய பிழைப்பும் அந்த வாளியோடு பிணைந்திருக்கிறது. தீனி இல்லாத படகுக்கு ஆள் வருவார்களா என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. பேசிய தொகையை முழுமையாகவும் அதற்கு மேல் சிறிது அன்பளிப்பாகவும் தம்பி கொடுத்தான். "காக்கா, இதைப்போல் இன்னும் பத்துப் பேர் கேட்டால் அவரே மாறிவிடுவார்" என்றான் என்னிடம்.

லங்காவிக்குச் செல்லும் சகோதரர்கள் படகில் ஏறுவதற்கு முன்பே, துறையிலேயே, தீனி வேண்டாம், கால்வாயில் சிறிது நேரம் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கடலை, ரொட்டி எதையும் கையில் எடுத்துச் செல்லாதீர்கள். நீளவால் குரங்குகள் நீந்தி வந்து படகில் ஏறும். வௌவால் குகைக்குள் சென்றால் விளக்கைக் கூரையை நோக்கி அடிக்க வேண்டாம். குவா நகரின் அல்-ஹனா பள்ளிவாசலில் ளுஹரும் அஸரும் தொழுதுவிட்டுக் கப்பலை அடையும்போது எங்களுக்கு நாற்பது நிமிடங்கள் மீதம் இருந்தன.