தூரமல்ல, காத்திருப்பே பயணம்

மதுரையிலிருந்து கோலாலம்பூருக்கு வான்வழியே சுமார் 2,700 கிலோமீட்டர். நேராகப் பறந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சென்னை சுற்றிப் போனால் கூடுவது சுமார் 300 கிலோமீட்டர்தான். பறக்கிற கணக்கில் அரை மணி. ஆனால் மதுரை விமான நிலையத்தை நம்பியிருக்கும் சிவகாசிக்காரரின் பாதி நாளைத் தின்பது அந்தத் தூரமில்லை. அடுத்த விமானத்துக்கான காத்திருப்பு, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு நடப்பது, மறுபடியும் வரிசை.

"திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். ஆனால் சிவகாசியிலிருந்து திருச்சிக்குச் சாலைவழி ஏறக்குறைய 200 கிலோமீட்டர்; கடல் கடக்க ஆகும் நேரத்தில் பெரும்பகுதி காரிலேயே கழிந்துவிடும். "பயணிகள் போதாது" என்பது அடுத்த வாதம். பட்டாசும் அச்சும் தீப்பெட்டியும் விளையும் ஊர் சிவகாசி. கோலாலம்பூருக்கு நேரடிச் சேவையே தராமல் தேவையை அளப்பது நியாயமில்லை. மதுரைக்கு வெளிநாட்டு விமானம் புதிதல்ல: 2012-லேயே மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் பறந்தது. நேரடிச் சேவைகளைக் கூட்டுங்கள். தூரம் தானாகக் குறையும்.