அந்த நடுப்பகுதி என்னுடையதல்ல

என் பெயரில் பரிசு வாங்கிய ஒமேகா சென்டாரி படத்தின் நடுப்பகுதியை நான் எடுக்கவில்லை. அது ஹபிள் தொலைநோக்கி எடுத்து 2009-இல் வெளியான படம். அதைச் சுருக்கினேன், நிறத்தை மாற்றினேன், ஓரங்களை மழுக்கினேன், என் படத்தில் ஒட்டினேன்.

முதலில் சோம்பல், பிறகு கர்வம். ஒமேகா சென்டாரி சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கிழட்டுக் கொத்து. ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் சித்திரைப் பிறப்பை ஒட்டி நள்ளிரவில் தெற்கே உச்சிக்கு வரும். அப்போதும் அடிவானத்துக்கு மேல் 30 பாகைதான். தலைக்கு நேர்மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றைக் கடந்து அதன் வெளிச்சம் வர வேண்டும். நட்சத்திரங்கள் கொஞ்சம் ஊதித்தான் பதியும். ஓரத்து மங்கல் நட்சத்திரங்களுக்கு நீண்ட எக்ஸ்போஷர், நடுவுக்குச் சில நொடிகள் என்று தனித்தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். நான் நீண்டதை மட்டும் ஓடவிட்டுவிட்டுக் காரில் போய்த் தூங்கினேன். வீட்டில் திறந்து பார்த்தால் நடுவில் வெறும் வெள்ளைக் களிம்பு.

ஹபிள் படத்தை ஒட்டியதோடு நின்றிருந்தால் வெறும் திருட்டு. நிற்கவில்லை.

வானம் பார்க்கும் எங்கள் குழுவில் ஓர் இளைஞர். தன் கையாலேயே ஆறு அங்குலத் தொலைநோக்கிக் கண்ணாடி தேய்த்தவர். மாதக்கணக்கில் கார்போரண்டம் தூளில் தேய்த்து விரல்நுனி ரேகை மழுங்கியிருந்தது. என் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நடுவுல எப்படி சார் இவ்வளவு தனித்தனியா வந்துச்சு? எனக்கு வரவே மாட்டேங்குது."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். பயம்.

"உங்க மிரர் சரியில்ல போல தம்பி" என்றேன்.

அந்தக் கண்ணாடியைக் கத்திமுனைச் சோதனையில் வைத்துப் பார்த்தவனே நான்தான். வளைவு அப்பழுக்கில்லாமல் இருந்தது. தெரிந்தே சொன்னேன்.

அவர் அதைக் குழாயோடு சேர்த்துக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். கடன் வாங்கிப் பெரிய தொலைநோக்கி வாங்கினார். அதிலும் என் படம்போல வரவில்லை, வராது. தன் கைதான் ராசியில்லை என்று நினைத்து மலைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் போனேன். திட்டவில்லை. தவணை இன்னும் முடியவில்லை என்றார். பிறகு, "அப்ப என் கண்ணாடி நல்லாத்தான் இருந்துச்சா சார்?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.