குன்றிமணி அளவு

நோய் தீர்க்கும் பொருளையும் மருந்து என்கிறோம். துவக்கிலே இடும் கரித்தூளையும் மருந்து என்றே வழங்குகிறோம். ஒரே பெயர் பூண்ட இவ்விரண்டிலும் அளவுதான் உயிர். வைத்தியர் குறித்த அளவைத் தன் மனம்போல் கூட்டிக் குடிப்பவனை அறிவிலி என்போம். வெடிமருந்தைக் கைமதிப்பாக இடுபவனையோ, நம் வட்டைகளில் நெடுங்காலம் கைதேர்ந்தவன் என்று மெச்சி வந்திருக்கிறோம். இம்முரண்பாடு குறித்தே இன்று சிறிது சிந்திப்போம்.

கல்முனைக் கரையோரத்து ஊர்களுக்கு முன்னே கடல், பின்னே வயல். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் கதிர் முற்றும் காலத்தில் காட்டுப் பன்றியும் யானையும் வயலில் இறங்கும் என்பதை யாவரும் அறிவர். முன்னாளில் காவல் வாடிகளில் இடியன் துவக்கு இருக்கும். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, அதன்மேல் தேங்காய்ப் பொச்சைத் திணித்து, ஈயச் சன்னத்தை இட்டு, கம்பியால் இடித்து இறுக்குவார்கள். உள்ளங்கைக் குழிதான் அளவுப் படி. அத்தகைய துவக்கைப் பிடித்துப் பழகிய முதியவர் ஒருவர் நம்மிடம் கூறிய சொல் இன்னும் நினைவில் நிற்கிறது: “மகன், மருந்து போடுறது கறிக்கு உப்புப் போடுற மாதிரி இல்ல. உப்புக் கூடினா தண்ணி ஊத்தலாம். இது கூடினா திருப்பி எடுக்க ஏலா.”

அந்தக் கைமதிப்பு பலரைக் காப்பாற்றியது உண்மையே. ஆயினும் காத்தது கை அன்று, மருந்தின் இயல்பு. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 75, 15, 10 என்ற விகிதத்தில் சேர்ந்த கருமருந்து, பிற்கால மருந்துகளை நோக்க வலிமை குறைந்தது. 1884 ஆம் ஆண்டில் பிரான்சிலே போல் வியேய் என்பார் புகையில்லா மருந்தை ஆக்கினார். அதே எடைக்கு அது பன்மடங்கு ஆற்றல் தருவது. மேலும், அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற அது இன்னும் விரைந்து எரியும். விரைந்து எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். பழைய துவக்கிலே பழைய அளவில் இப்புதிய மருந்தை இட்டவர்களின் குழல்கள் வெடித்துச் சிதறின. கை பழையதாயிருக்க, மருந்து புதியதாகிவிட்டது!

குண்டும் மாறியது. மிகு வேகத்தில் வெறும் ஈயம் குழலின் உட்புறத்தில் உராய்ந்து ஒட்டுவதால், சுவிற்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1882 இல் ஈயத்துக்குச் செம்புச் சட்டை அணிவித்தார். இன்று இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வகையொன்றும் உண்டு. மின்சாரத்தின் உதவியால் ஈயத்தின்மேல் மெல்லிய செம்பு முலாம் ஏற்றிய குண்டு அது. நம் பெண்மணிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவரிங் வளையலும் பொன் வளையலும் கண்ணுக்கு ஒன்றே, உரைகல்லுக்கு வேறு.

அமெரிக்கா முதலிய நாடுகளில் உரிமத்துக்கும் சட்டத்துக்கும் உட்பட்டு, சுட்டெறிந்த தோட்டாக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றிப் பயன்படுத்துவோர் பலர். முலாம் பூசிய குண்டு இவர்களுக்கு ஒரு சோதனை. சட்டையணிந்த குண்டுக்குரிய உச்ச அளவை இதற்கு இட்டால் முலாம் கிழியக்கூடும். சாதாரண முலாம் குண்டுகளுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 1,200 அடி வேகமே எல்லை என்பர். கூட்டின் வாயை அழுந்த நெரித்தாலும் முலாம் வெட்டுப்படும். அளவை மிகக் குறைத்தாலோ குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும். அதை அறியாமல் அடுத்த வெடியைத் தீர்ப்பவன் தன் கையையே பணயம் வைக்கிறான். ஆதலால் அறிவுடையோர், குண்டையும் மருந்தையும் செய்தவர்கள் சோதித்து அச்சிட்ட அட்டவணையைப் பார்க்கிறார்கள், அதிலுள்ள தொடக்க அளவில் ஆரம்பித்து, தராசில் நிறுத்து, சிறிது சிறிதாகவே ஏறுகிறார்கள், உச்சத்தைத் தாண்டுவதில்லை. நண்பன் சொன்ன அளவைக் கடன் வாங்குவதில்லை. ஒரு மருந்தின் அளவை மற்றொன்றுக்குப் பொருத்துவதுமில்லை.

அவர்கள் நிறுக்கும் அலகு கிரேன். தானிய மணியின் பெயரால் அமைந்தது அது. நம் தட்டாரின் குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. ஒரு பவுண் தங்கத்தில் சுமார் 123 கிரேன் உண்டு. கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றுக்கு நாலைந்து கிரேன் மருந்தே போதும். அத்துணைச் சிறிய அளவிலே அரைக் கிரேன் பிசகுவது எவ்வளவு பெரிய பிசகு என்பதை எண்ணிப் பாருங்கள். கூட்டிலே இரு முறை மருந்து விழுந்துவிட்டாலும் வெளியே தெரியாமற் போகலாம். கண் ஏமாறும், தராசு ஏமாறாது.

இஃதெல்லாம் நமக்கெதற்கு என்று வினவலாம். இலங்கையில் துவக்கு வைத்திருக்க 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், வெடிபொருளுக்கு 1956 ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டமும் உரிமம் வேண்டுகின்றன. அப்படியிருந்தும் களவாக மருந்து அடைக்கும் கைகள் ஓயவில்லை. பன்றிக்கென்று கட்டிய கட்டுத்துவக்கு, விறகுக்கும் தேனுக்கும் போகும் ஏழையின் காலைச் சிதைக்கிறது. தீனிக்குள் மறைத்த, சிங்களத்தில் ஹக்கபட்டாஸ் எனப்படும் வெடியைக் கடித்த யானைக் கன்று, தாடை நொறுங்கி, உண்ணவும் குடிக்கவும் இயலாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. அந்த வெடியை அடைப்பவனிடம் அட்டவணையும் இல்லை, தராசும் இல்லை. அடைக்கும்போதே அது அவன் கையில் வெடித்தால் அவன் வீட்டார்க்கு யார் துணை?

விளைச்சலைக் காப்பது உழவனின் உரிமை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்குரிய வழி, உரிமம் பெற்ற துவக்கும் ஆலையில் நிறுத்து அடைத்த தோட்டாவும், மின்வேலியும், வனசீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானை வெடியுமே. வீட்டு மூலையிலே கைமதிப்பாக அடைத்த மருந்து அன்று. மாணவச் செல்வங்களே, இரசாயனப் பாடத்திலே வெடியுப்பின் பெயரைக் கண்டதும் செய்து பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. அந்த ஆவலைத் தராசின் பக்கம் திருப்புங்கள். நிறுக்கக் கற்றவனே இரசாயனம் கற்றவன். நிறுக்க இயலாத இடத்தில் தொடாமல் விடுவதும் அறிவேயாகும்.