எண்களுக்கு முன்பிருந்த பெயர்கள்

கோல்ஃப் ஆட்டத்தின் மீது நமக்கு என்றுமே பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியே வந்திருக்கிறோம். ஆயினும் அதன் பழைய மரமட்டைகளைப் பற்றி வாசிக்கப் புகுந்தபோது, அது தச்சர்களின் வரலாறாகவே நமக்குப் பட்டது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் வாழ்ந்து 1856இல் மறைந்த ஹியூ ஃபில்ப், மரவேலையிலிருந்து மட்டைத் தொழிலுக்கு வந்தவர். அவர் காலத்து மட்டையின் தலை நீண்டு மெலிந்திருக்கும். ஆப்பிள், பேரி போன்ற கனிமரங்களின் கட்டையில் அதைச் செதுக்கி, முதுகில் குழி தோண்டி ஈயம் வார்ப்பார்கள். அடிவிளிம்பு தேயாதிருக்க ஆட்டுக்கடாவின் கொம்புத்துண்டைப் பதிப்பார்கள். தலையையும் காம்பையும் சாய்வாகச் சீவி ஒட்டி, மெழுகோ கீலோ ஏறிய நூலை நெருக்கமாகச் சுற்றுவார்கள். இறுதியில் தலையின் மேல் பெயர் முத்திரை விழும்.

1848ஐ ஒட்டி, இறகு திணித்த தோல்பந்தின் இடத்துக்கு, மலாய் நாட்டுக் காடுகளின் கட்டாபெர்ச்சாப் பிசினால் ஆன பந்து வந்தது. அதன் கடினத்தை மெல்லிய தலைகள் தாங்கவில்லை. தலைகள் குறுகித் தடித்தன. ஃபில்ப்பின் பட்டறையை ஏற்ற அவருடைய உறவினர் ராபர்ட் ஃபோர்கன், அமெரிக்க ஹிக்கரி மரத்தில் காம்பு செய்தார். பழைய ஆஷ் மரக்காம்புகள் மெல்ல மறைந்தன.

அடிக்கும் வேகத்தில் ஹிக்கரி வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். இரண்டு காம்புகள் ஒன்றுபோல் அமைவதும் அரிது. ஆகவே ஒவ்வொரு மட்டையின் குணத்தையும் ஆட்டக்காரர் தனித்தனியே பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. மாஷி, நிப்ளிக், கிளீக், ஸ்பூன், பிராஸி என்ற பெயர்களும் அந்தப் பழக்கத்துக்குப் பொருத்தமாகவே ஒலிக்கின்றன. 1924இல் அமெரிக்காவும் 1929இல் பிரிட்டனும் எஃகுக் காம்பை அனுமதித்தன. 1930இல் பாபி ஜோன்ஸ் நான்கு பெரும் பட்டங்களையும் ஹிக்கரி மட்டைகளைக் கொண்டே வென்றார். ஆனாலும் வெற்றி எஃகுக்கே. ஒரே அளவில் செய்யப்பட்ட மட்டைகளுக்குப் பெயர் தேவைப்படவில்லை, எண் போதுமானதாயிற்று.

இதைப் படித்ததும் பெருமூச்சு விடத்தான் நமக்கு முதலில் தோன்றியது. ஆனால் நல்ல ஹிக்கரி கிடைப்பதே அப்போது அரிதாகிக்கொண்டிருந்தது. அந்த ஹிக்கரியும் ஒருகாலத்தில் ஆஷ் மரத்தை வெளியேற்றி வந்ததுதானே.

நம்மை உறுத்துவது வேறொன்று. பட்டறைகள் பெருத்தபின் முத்திரையில் இருந்தது முதலாளியின் பெயர். காம்பை இழைத்தவர், ஈயம் வார்த்தவர், நூல் சுற்றியவர் எவருடைய பெயரும் அதில் இல்லை. இரும்புத் தலைகளை அடித்த கொல்லர்களில் டாம் ஸ்டுவர்ட் போன்ற சிலர் தம் அடையாளத்தைப் பதித்தார்கள்; அவருடையது ஒரு புகைக்குழாய்ச் சின்னம். ஆனால் அவருடைய உலையில் சம்மட்டி பிடித்த மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

ஏலத்தில் இன்று விலை பேசப்படுவதும் முத்திரைக்குத்தான். எண்கள் வந்தபோது மட்டைகள்தான் பெயரை இழந்தன. அந்தக் கைகளுக்கு இழப்பதற்குப் பெயரே இருக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகியும் அவிழாத அந்த நூல்சுற்றைத்தான் அவர்களுடைய கையொப்பமாக நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.