நூறாவது வெற்றிக்குக் காத்திருந்தோம்

பனியைக் கையால் தொட்டறியாதவர் நாம். ஆயினும் அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம் நெருங்கிவிட்டால் நம் சிந்தை ஆஸ்திரியாவிலுள்ள சோல்டன் மலையின் பனியாற்றுப் பக்கம் போய்விடுகிறது. உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் பருவம் பெரும்பாலும் அங்கேதான், ஜயண்ட் ஸ்லாலம் போட்டியோடு தொடங்கும். வெயிலில் காயும் ஊர்க்காரருக்கு இதென்ன பித்து என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. பித்துதான், மறுக்கவில்லை.

இந்தப் போட்டியை அறியாதாருக்குச் சில சொற்கள். மலைச்சரிவில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வாயில்கள் நட்டிருப்பார்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் போட்டியிலிருந்து விலக வேண்டியதுதான். டவுன்ஹில் வேகத்துக்குப் பேர்போனது. ஸ்லாலம் கால்களின் சுறுசுறுப்புக்கு. இரண்டுக்கும் நடுவிலே நிற்கும் ஜயண்ட் ஸ்லாலத்தில் இரண்டும் வேண்டும். உடலை ஏறத்தாழப் பனியோடு பனியாகச் சாய்த்து, சறுக்குக் கட்டையின் விளிம்பினால் இறுகிய பனியைக் கீறிக்கொண்டு வளைய வேண்டும். விளிம்பு பிடி நழுவினால் பனித்தூள் பறக்கும். காண அழகாக இருக்கும். ஆனால் அந்த அழகுதான் நேர இழப்பு. இதைப் புரிந்துகொள்ள நமக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன.

ஒரே நாளில் இரண்டு ஓட்டங்கள். இரண்டின் நேரத்தையும் கூட்டி வெற்றியை முடிவு செய்வார்கள். முதல் ஓட்டத்தில் முதல் 30 இடங்களுக்குள் வந்தவருக்கே இரண்டாவது ஓட்டம். அதிலும் வரிசை தலைகீழ்: முப்பதாமவர் முதலில் இறங்குவார், முதலிடத்தவர் கடைசியில். அதற்குள் இருபத்தொன்பது பேர் கீறிச் சென்ற தடம் குண்டும் குழியுமாகிவிடும். முன்னே நிற்பவருக்கே மோசமான பாதை! இப்படியொரு விதியை வகுத்தவர் மனித இயல்பை நன்கறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வெற்றி தோல்வியின் இடைவெளியோ கண்ணிமைப்பினும் சிறிது. 2002-இல் இதே சோல்டனில் ஸ்லொவேனியாவின் டீனா மாஸே, ஆஸ்திரியாவின் நிக்கோல் ஹோஸ்ப், நார்வேயின் ஆண்ட்ரின் ஃப்ளெம்மென் ஆகிய மூவரும் நூறில் ஒரு வினாடியும் பிசகாத ஒரே நேரத்தில் வந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த மாஸே 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் 0.04 வினாடியில் தங்கத்தை இழந்தார். 2014 சோச்சியில் 0.07 வினாடியில் அதை அடைந்தார். அந்த நான்கு ஆண்டுகள் அவர் எப்படி உறங்கினாரோ!

நம் கதை அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரினைப் பற்றியது. சுவீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் பெற்ற 86 உலகக் கோப்பை வெற்றிகள் என்னும் சாதனை 1989 முதல் அசையாமல் நின்றிருந்தது. 2023 மார்ச்சில் சுவீடன் மண்ணிலேயே ஒரு ஜயண்ட் ஸ்லாலம் வெற்றியால் அதனைச் சமன் செய்து, மறுநாளே ஸ்லாலத்தில் கடந்தார் ஷிஃப்ரின். அன்று தொடங்கியது நம் எண்ணும் நோய். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு வெற்றியையும் எழுதலானோம். 2024 நவம்பர் 23-இல் தொண்ணூற்றொன்பது. அடுத்த வாரம் வெர்மான்ட் மாநிலத்தின் கில்லிங்டனில் ஜயண்ட் ஸ்லாலம். அவர் பயின்று வளர்ந்த வட்டாரம். நூறு அங்கேதான் என்று நாமே நாள் குறித்துவிட்டோம்.

நவம்பர் 30. அங்கே பகல், நமக்கோ நள்ளிரவு நெருங்கிய நேரம். முதல் ஓட்டத்தில் அவரே முன்னணி. குறிப்பேட்டில் 100 என்று முன்கூட்டியே எழுதி, தேதிக்கு இடம் விட்டிருந்தோம். நம் இல்லத்தரசி எட்டிப் பார்த்து, "தொண்ணூத்தொம்பது போதாதாங்க அந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாம் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் கடைசியாக இறங்கினார். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஒரு வளைவில் விளிம்பு நழுவியது. வாயிலில் மோதிப் புரண்டு, பாதுகாப்பு வலையில் போய் விழுந்தார். கூட்டம் ஊமையாயிற்று. மீட்பு வண்டியில் கிடத்திக் கொண்டுசென்றபோது கையை உயர்த்தி அசைத்தார். வென்றவர் சுவீடனின் சாரா ஹெக்டர். ஷிஃப்ரினின் வயிற்றில் ஏதோ குத்தித் துளைத்திருந்தது என்பதும், பக்கவாட்டுத் தசை சிதைந்திருந்தது என்பதும் பின்னரே தெரிந்தன.

அவர் விழுந்த கணத்தில் நம் நெஞ்சில் முதலில் எழுந்தது இரக்கமன்று. ‘நூறு போயிற்றே’ என்பதே முதல் எண்ணம். இரக்கம் பிறகுதான் வந்தது, சற்றே வெட்கத்தோடு. 2022 பெய்ஜிங்கில் முதல் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் சறுக்கி விலகியபோதும், "இவருக்கென்ன ஆயிற்று?" என்று எரிச்சலோடு கேட்ட கூட்டத்தில் நாமும் இருந்தோம். அதற்கு இரண்டாண்டு முன்னர்தான் தந்தையைப் பறிகொடுத்திருந்தார் என்பது அப்போது நினைவில் வரவில்லை. குறிப்பேட்டில் எழுதியிருந்த 100-ஐ அன்றிரவு அழித்தோம். மை முழுவதும் போகவில்லை.

சில வாரங்களில் மீண்டு வந்தார். ஆனால் 2025 பிப்ரவரியில், ஆஸ்திரியாவின் சால்பாக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் தம் ஜயண்ட் ஸ்லாலம் பட்டத்தைக் காக்க இறங்கப்போவதில்லை என அறிவித்தார். உடல் தேறினாலும், அந்த வேகத்தில் அந்த வளைவுகளை எதிர்கொள்ள மனம் அஞ்சுகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் இல்லாத அந்தப் போட்டியை இத்தாலியின் ஃபெதெரிகா பிரிஞோனே வென்றார். நாம் கடைசி வரை பார்த்தோம். எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல், வளைவுகளை மட்டும் பார்த்தது நெடுநாளைக்குப் பின் அன்றுதான்.

அம்மாதமே இத்தாலியின் செஸ்ட்ரியேரில் ஜயண்ட் ஸ்லாலத்துக்குத் திரும்பினார். முதல் நாள் மிகப் பின்னே வந்தார். மறுநாள் முதல் 30 இடங்களுக்குள்ளேயே வர முடியவில்லை. அதற்கடுத்த நாள், பிப்ரவரி 23-இல், ஸ்லாலத்தில் நூறாவது வெற்றி கிட்டியது. அதன் ஒலிபரப்பில் கூச்சல் கேட்டு இல்லத்தரசி வந்தார்.

"நூறு ஆச்சா?"

"ஆயிற்று."

"வயித்துப் புண்ணு?"

ஆறிவிட்டது என்றோம். முந்தின நாள் அவர் முப்பதுக்குள் வராததை அப்போதுதான் அவருக்குச் சொன்னோம். குறிப்பேடு மேசையறைக்குள் இருந்தது, எடுக்கவில்லை.