ககசெட் மலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

முப்பது மணி நேரம் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஒரு கேம், முப்பத்தோராவது மணியில் தொப்பென்று கீழே போட்டால் எப்படி இருக்கும்? ஃபைனல் ஃபேண்டஸி 10 விளையாடியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். 2001-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த விளையாட்டு. நான் ஆடியது 2016-ல் கம்ப்யூட்டருக்கு வந்த மறுபதிப்பு. கதை, இசை, யூனாவின் பயணம் பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு வேறொரு சந்தேகம். இந்த கேம் ஏன் இவ்வளவு ஏற்ற இறக்கமாக இருக்கிறது? அந்த ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

கேம் பக்கமே போகாத வகுப்பு நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். உங்கள் அணியில் ஏழு பேர். களத்தில் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் நிற்க முடியும். அடுத்து யார் முறை, எதிரியின் முறை எப்போது என்று திரையின் ஓரத்தில் வரிசையாகக் காட்டிவிடுவார்கள். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் முறை வந்ததும் அவரை வெளியே அனுப்பிவிட்டு வேறொருவரை உள்ளே கொண்டுவரலாம், வந்தவர் அதே முறையில் உடனே செயல்படலாம். அபராதம் எதுவும் கிடையாது. சண்டை முடிந்ததும் கிடைக்கும் ஏபி என்கிற அனுபவப் புள்ளிகள், அந்தச் சண்டையில் ஒரு தடவையாவது கையை அசைத்தவர்களுக்கெல்லாம் போகும்.

காமர்ஸ் மாணவனாக எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்த ஏபி பங்கு போடப்படுவதில்லை. மூன்று பேர் சண்டை போட்டாலும் ஏழு பேர் போட்டாலும் ஆளுக்கு முழுத் தொகை. கூட்டாளி சேரச் சேர லாபத்தில் பங்கு குறையும் என்றுதானே பார்ட்னர்ஷிப் கணக்கில் படித்தோம்? இங்கே குறையவே குறையாது. ஏழாவது ஆளைக் களத்தில் இறக்க ஆகும் செலவு ஒரே ஒரு முறை, அவ்வளவுதான்.

ஆனாலும் பெரும்பாலானவர்கள் மூன்று பேரை வைத்தே ஓட்டுகிறார்கள். தப்பு சொல்லவும் முடியாது. ஆரம்பத்தில் கேம் அழகாகச் சொல்லித் தருகிறது: பறப்பதை வக்காவின் பந்தால் அடி, ஓடு கெட்டியான மிருகத்தை ஆரானின் வாளால் வெட்டு, கொழகொழ என்று இருப்பதை லுலுவின் மந்திரத்தால் சுடு, வேகமான ஓநாய்க்கு டீடஸை அனுப்பு. பத்து மணி நேரம் போனபின் பார்த்தால் வளர்ந்த ஆரான் ஒரே வெட்டில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். அப்புறம் எதற்கு மற்றவர்கள்? பெஞ்சில் உட்காரட்டும். ஜெயிக்கிற வரைக்கும் அணியை மாற்ற யாருக்குத்தான் தோன்றும்?

இதில் கிமாரி பாவம். பெஞ்சிலேயே குடியிருப்பவன். ககசெட் மலை ஏறும்போது அவன் தனியாக பிரான், யென்கே என்ற இரண்டு பேரோடு மோத வேண்டும். ‘ஐயோ, இவனை வளர்க்கவே இல்லையே’ என்று பயப்படுவீர்கள். ஒன்றும் ஆகாது. அந்த இரண்டு பேரின் பலமும் கிமாரியின் பலத்தைப் பார்த்துத்தான் தீர்மானமாகிறது. கிமாரி சொத்தையாக இருந்தால் அவர்களும் சொத்தை. அதாவது இங்கே உங்களுக்கு ஒரு தள்ளுபடி கொடுக்கிறார்கள். அதே மலையில் கொஞ்சம் மேலே போனால் சீமோர் ஃப்ளக்ஸ் நிற்கிறான். அங்கே தள்ளுபடி கிடையாது.

அவனுக்கு 70,000 ஹெச்பி. அந்த எண்ணிக்கையை விட மோசமானது அவன் சண்டை போடும் முறை. ஈட்டியால் ஒருவரைக் குத்தி ஜோம்பி ஆக்குவான். ஜோம்பிக்கு மருந்தே விஷம், உயிர் கொடுக்கும் மந்திரம் போட்டால் உயிர் போய்விடும். சீமோரோடு சேர்ந்து நிற்கும் மார்ட்டியார்கிஸ் என்ற ராட்சச இயந்திரம் தன் முறை வந்ததும் அந்த ஜோம்பி மேல் ஃபுல்-லைஃப் போடும். ஆள் காலி. ஏயான்களை அழைத்து அவற்றின் பின்னால் ஒளியலாம் என்றால், ஒரு முறை செயல்பட விட்டுவிட்டு அவற்றையும் விரட்டிவிடுவான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், களத்தில் நிற்கும் மூன்று பேர் செத்தாலே ஆட்டம் முடிந்தது. பெஞ்சில் நான்கு பேர் குத்துக்கல் மாதிரி முழு உடம்போடு இருந்தாலும் சரி!

என் ஹாஸ்டல் ரூம்மேட் இங்கேதான் நின்றுபோனான். ஒரு வாரத்தில் ஒன்பது தோல்வி. “மச்சி, இதை அழிச்சிடப் போறேன். நாப்பது மணி நேரம் வேஸ்ட்” என்றான். போட்ட பணம் போனது போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று பாடத்தில் படித்ததை அவனே எனக்கு எடுத்துச் சொன்னான். (படித்தது பயன்பட்ட ஒரே இடம் :-)) அவனிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, அழிப்பது. இரண்டு, மலையடிவாரத்தில் பத்து மணி நேரம் சுற்றி லெவல் ஏற்றிவிட்டு வருவது.

எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஒரு தாளை எடுத்து, அடுத்த மூன்று சண்டைகளில் யார் எதனால் செத்தார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன். எழுதினான். மொத்தம் பதினான்கு சாவு. அதில் பதினொன்று ஜோம்பியாகி ஃபுல்-லைஃப் வாங்கிச் செத்தவை. அடியின் கனம் தாங்காமல் செத்தது மூன்றுதான்.

முக்கியமான விஷயம் அந்தத் தாளில்தான் இருந்தது. அடி தாங்காமல் சாகிறீர்கள் என்றால் உங்களுக்குப் பலம் போதவில்லை, போய் லெவல் ஏற்றுங்கள். ஒரே தந்திரத்தால் திரும்பத் திரும்பச் சாகிறீர்கள் என்றால் உங்களிடம் பதில் இல்லை. பத்து மணி நேரம் லெவல் ஏற்றினாலும், ஜோம்பி ஆன 4,000 ஹெச்பி ஆரானும் ஜோம்பி ஆன 2,500 ஹெச்பி ஆரானும் ஃபுல்-லைஃப் விழுந்தால் ஒரே மாதிரிதான் சாவார்கள். லெவல் ஏற ஏற அடுத்த லெவலுக்கான ஏபியும் கூடிக்கொண்டே போகும். செலவு ஏறுகிறது, வரவு ஒன்றுமில்லை. கிரைண்டிங் பண்ணுவதை நான் கேலி செய்யவில்லை, மழை நாளில் அது ஒரு தனி சுகம். ஆனால் இந்த வியாதிக்கு அது மருந்து இல்லை.

பதில் அவனிடமே இருந்தது, பெஞ்சில். முறை வரிசையைப் பார்த்தால் ஈட்டிக்குத்துக்கும் ஃபுல்-லைஃபுக்கும் நடுவே நமக்கு ஒரு முறை கிடைக்கும் சமயங்கள் தெரியும். யார் முறை வந்தாலும் உடனே ரிக்குவை உள்ளே கொண்டுவந்து குத்துப்பட்டவர் மேல் ஹோலி வாட்டர் ஊற்றினால், அந்த ஃபுல்-லைஃப் எதிரிக்கு வீண் செலவு. லுலுவை அழைத்து பயோ போட்டால் சீமோருக்கு விஷம் ஏறும். விஷம் ஒவ்வொரு முறையும் 1,400 ஹெச்பியைத் தின்னும். 70,000-ஐ 1,400-ஆல் வகுத்துப் பாருங்கள், ஐம்பது. கந்துவட்டி மாதிரி அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஓவர்டிரைவ் நிரம்பிய ஏயான்களை ஒவ்வொன்றாக அழைத்து, விரட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு பெரிய அடி அடிக்க வைக்கலாம். அவன் இவை எல்லாவற்றையும் செய்தான். லெவல் அதேதான். இரண்டாவது முயற்சியில் சீமோர் விழுந்தான். பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.

அடுத்த பெரிய சண்டை ஸானர்கண்டில், யூனலெஸ்கா. மூன்று வடிவம். முதல் வடிவத்தில் வாளால் அடித்தால் குருடாக்குவாள், மந்திரம் போட்டால் ஊமையாக்குவாள். சரி, கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும். இரண்டாவது வடிவத்தில் ஹெல்பைட்டர் என்ற அடியால் எல்லோரையும் ஜோம்பி ஆக்குவாள். ககசெட்டில் பாடம் படித்தவர் என்ன செய்வார்? சமர்த்தாக எல்லோருக்கும் ஹோலி வாட்டர். மூன்றாவது வடிவம் வந்ததும் மெகா டெத் போடுவாள். ஜோம்பியாக இல்லாத எல்லோரும் அந்த இடத்திலேயே சாவு. முந்தைய பாஸ் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்தே இந்த பாஸ் கழுத்தறுக்கிறாள்!

சீமோர் நியாயமானவன் என்பேன். அவன் ஆயுதத்தை முதல் சில நிமிடங்களிலேயே காட்டிவிடுகிறான், தோற்பதற்கு முன் யோசிக்க இடம் உண்டு. யூனலெஸ்காவின் மெகா டெத்தில் அந்த இடம் இல்லை. முதல் தடவை தெரிந்துகொள்ளும் வழியே செத்துப் பார்ப்பதுதான். இரண்டாம் தடவை ஒருவரையோ இருவரையோ வேண்டுமென்றே ஜோம்பியாக விட்டுவைத்தால் சுலபம். ஆக அவளிடம் தோற்பதன் விலை திறமையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2-ல் ஆடியவர்கள் சண்டைக்கு முந்தைய நீண்ட காட்சியை ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பார்த்தாக வேண்டும், தவிர்க்கும் பொத்தானே கிடையாது. 2016 கம்ப்யூட்டர் பதிப்பில் காட்சியைத் தாண்டிப் போகலாம். பாஸ் அதேதான், விலை மட்டும் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. இதனால்தான் பழைய ஆட்கள் யூனலெஸ்கா பேரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிறார்கள், எங்களுக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை.

ரூம்மேட் அவளிடம் போகிறான் என்று தெரிந்தும் நான் மெகா டெத் பற்றி வாயைத் திறக்கவில்லை. மூன்று பேருக்கும் அவன் ஹோலி வாட்டர் ஊற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் செத்ததும் திரும்பி, “உனக்குத் தெரியும்ல?” என்றான். தெரியும் என்றேன். மறுநாள் மெஸ்ஸில் தனி டேபிளில் உட்கார்ந்தான். இன்னொருவர் ஆடினாலும் சொல்ல மாட்டேன். அந்த ஒரு கணம் திகைத்துப்போவதுதான் யூனலெஸ்காவிடம் வாங்க முடிந்த ஒரே பொருள், அதையும் நான் எடுத்துக்கொண்டால் அவனுக்கு என்ன மிச்சம்?

அதற்கப்புறம் கேம் மறுபடியும் இறக்கத்தில் ஓடுகிறது. கடைசிச் சண்டைகளில் தோற்கவே முடியாதபடி, விழுந்தால் தானாகவே எழுந்து நிற்கும் வரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சிலருக்கு இது சப்பென்று இருக்கும். எனக்குப் பரவாயில்லை, அந்த இடத்தில் மனசு கனத்துப் போயிருக்கும்போது ஹெச்பி கணக்குப் பார்க்க யாருக்கு முடியும்? பணம் கொடுத்து யோஜிம்போவை அமர்த்தி ஒரே வெட்டில் எதையும் முடிக்கும் வழியும் இருக்கிறது. கேட்ட விலையைக் கொடுக்காமல் பேரம் பேசுங்கள், இறங்கி வருவான்.

ரூம்மேட் கதையை முடித்துவிட்டான். முடித்த பின்னும் விடவில்லை. மான்ஸ்டர் அரீனாவில் நெமிசிஸ் என்று ஒன்று இருக்கிறது, ஒரு கோடி ஹெச்பி. அதற்காக இப்போது ஏழு பேரையும் வளர்த்துக்கொண்டிருக்கிறான், கிமாரியையும் சேர்த்து. திங்கட்கிழமை எங்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல்.